ஃபிளீஸ் ஹூடி வீட்டிலேயே தைக்க: துணி வாங்குவது முதல் நாடா கோர்ப்பது வரை

ரவிக்கையும் சுடிதாரும் தைத்துப் பழகியவர்களுக்கு தொப்பி வைத்த குளிர் உடையான ஹூடியின் வெட்டு மிக எளிதாகத் தோன்றும். டாட் (உடம்புக்கேற்பத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல்) இல்லை, கொக்கி இல்லை, உடம்பை ஒட்டிப் பிடிக்க வேண்டிய இடமும் இல்லை. ஆனாலும் முதல் ஹூடியில் தோள் தளர்ந்து இறங்குவதையும், தொப்பி சேரும் கழுத்து அலையலையாக நெளிவதையும், இடுப்புப் பட்டை தொளதொளவென்று தொங்குவதையும் நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்களிடமே அடிக்கடி பார்க்கிறேன். கைத்திறன் குறைவால் இது நேர்வதில்லை. நெசவுத் துணியில் பழகிய கை, தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் சற்று இழுத்துப் பிடிக்கும். நெசவுத் துணி அந்த இழுப்புக்கு அசையாமல் நிற்கும். பனியன்போல் நூலை வளையங்களாகக் கோர்த்த பின்னல் துணியோ நீளும், நீண்ட நிலையிலேயே தையல் அதைப் பிடித்துக்கொண்டால் பிறகு பழைய அளவுக்குத் திரும்பாது. எனவே ஹூடி தைப்பவர் ஒவ்வொரு தையலிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த இடம் நீள வேண்டுமா, நீளாமல் நிற்க வேண்டுமா?

எந்த ஃபிளீஸ்?

கடையில் ஃபிளீஸ் என்று கேட்டால் இரண்டு வேறு துணிகள் கிடைக்கக்கூடும். ஒன்று முழு பாலியஸ்டரில் பின்னி, இரு பக்கமும் பஞ்சு எழுப்பிய போலார் ஃபிளீஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த மால்டன் மில்ஸ் 1979இல் உருவாக்கிய துணிவகை இது. எடை குறைவு, விரைவில் உலரும், மலையேறுபவர்கள் விரும்பி அணிவது. மற்றொன்று ஸ்வெட்ஷர்ட்டுகளுக்குரிய பருத்தி ஃபிளீஸ். வெளிப்பக்கம் பனியன் துணிபோல் வழுவழுப்பாகவும், உள்பக்கம் நூல் வளையங்களைத் தூரிகையால் கீறிப் பஞ்சாக்கியதாகவும் இருக்கும். திருப்பூரில் இதை த்ரீ த்ரெட் ஃபிளீஸ் என்பார்கள். முகப்புக்கு ஒரு நூல், பிணைக்க ஒரு நூல், உள்வளையத்துக்கு ஒரு நூல் என்று மூன்று நூல்கள் சேர்ந்து பின்னப்படுவதால் வந்த பெயர் இது. உள்வளையத்தைக் கீறாமல் விட்ட துணிதான் லூப் நிட். உதகை, கொடைக்கானல் குளிருக்கு அது போதாது என்றாலும், பெங்களூரு மாலை நேரத்துக்கு அதுவே இதமாக இருக்கும்.

இந்த வழிகாட்டி பருத்தி ஃபிளீஸுக்கு உரியது. ஒரு சதுர மீட்டரின் எடையான ஜிஎஸ்எம் 260 முதல் 300 வரை இருந்தால் வீட்டு இயந்திரம் திணறாமல் தைக்கும். 340க்கு மேல் போனால் தொப்பி கழுத்தில் சேரும் இடத்தில் துணி அடுக்கடுக்காகக் கூடி, ஊசி உடையும் வாய்ப்பு அதிகம். பருத்தியுடன் 20 முதல் 40 சதவீதம் பாலியஸ்டர் கலந்த துணி சுருக்கம் குறைந்து நிற்கும் என்பதால், முதன்முறை தைப்பவர் அதைத் தேர்வதில் தவறில்லை.

38 அங்குல மார்பளவுக்கு, 60 அங்குல அகலத் துணியில் 1¾ மீட்டர் வாங்க வேண்டும். திருப்பூரில் பின்னல் துணியை எடை போட்டு விற்பதே வழக்கம். 280 ஜிஎஸ்எம் துணியில் இந்த அளவு ஏறக்குறைய முக்கால் கிலோ வரும். இடுப்புப் பட்டைக்கும் மணிக்கட்டுப் பட்டைகளுக்கும் லைக்ரா (ரப்பர்போல் நீளும் நூல்) கலந்த ரிப் துணி, அதாவது வரிவரியாகப் பின்னி நன்றாக நீளும் துணி, 30 சென்டிமீட்டர் தேவை. லைக்ரா இல்லாத ரிப் நான்கைந்து துவையலில் தளர்ந்துவிடும் என்பதால், வாங்கும்போதே கையால் நன்றாக இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்; விட்டவுடன் முழுமையாகத் திரும்பாத ரிப்பை எடுக்க வேண்டாம். தொப்பியின் உள்ளடுக்குக்கு மெல்லிய பனியன் துணி அரை மீட்டர் போதும். இவற்றுடன் அரை அங்குல அகலப் பருத்தி டேப் இரண்டு மீட்டர், பாலியஸ்டர் நூல், நாடா நுழையும் துளைக்கு வைக்கும் வளையமான ஐலெட் இரண்டு, நாடா ஒன்றரை மீட்டர் ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளலாம்.

துவைத்த பிறகே வெட்டு

பருத்திப் பின்னல் துணி முதல் துவையலில் நீளவாக்கில் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கக்கூடும். நான் முதலில் தைத்த ஹூடியைத் துவைக்காமல் வெட்டினேன். ஒரே வாரத்தில் கைகள் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டன. ஆலைகளுக்கே தலைவலியாக இருந்த பிரச்சினை இது. 1930களில் நியூயார்க் மாநிலத்தில் குளிர்க்கிடங்குத் தொழிலாளர்களுக்காகத் தொப்பி வைத்த ஸ்வெட்ஷர்ட் தைத்த சாம்பியன் நிறுவனம், நீளச் சுருக்கத்தைத் தவிர்ப்பதற்காகவே 1938இல் துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டும் முறையைக் கொண்டுவந்தது. வீட்டில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பின்னாளில் ஹூடியை எப்படித் துவைப்போமோ அப்படியே துணியையும் பனியன் துணியையும் இரண்டு முறை துவைத்து, பிழியாமல் நிழலில் தட்டையாக விரித்து உலர்த்தினால் போதும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனமே துணியை நீட்டிவிடும். ரிப்பைத் துவைக்காமல் விடலாம். அது சற்றுச் சுருங்கினாலும் இறுக்கமே கூடும்.

இயந்திரமும் ஊசியும்

பின்னல் துணிக்கு பால்பாயிண்ட் ஊசி கட்டாயம். இதன் முனை உருண்டையாக இருப்பதால், இழைகளை வெட்டாமல் ஒதுக்கிக்கொண்டு நடுவே இறங்கும். சாதாரணக் கூர் ஊசி இழையை அறுத்துவிடும். அன்றைக்குக் கண்ணில் படாத அந்தச் சிறு துளை, துவைக்கத் துவைக்கத் தையலோரம் ஓட்டையாக விரியும். தையல் விட்டு விட்டு விழுந்தாலும் முதலில் ஊசியையே சந்தேகிக்க வேண்டும். 14ஆம் எண் ஊசி இந்தத் துணிக்குச் சரி.

ஜிக்ஜாக் வசதி இருந்தால் அகலம் 1 மில்லிமீட்டர், நீளம் 2½ முதல் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பார்வைக்கு நேர்த்தையல் போலவே இருக்கும், இழுத்தால் துணியோடு சேர்ந்து நீளும். துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் அதைத் தளர்த்த வேண்டும். அழுத்தம் கூடினால், கீழே உள்ள பற்கள் அடித்துணியைத் தள்ள, மேல்துணியைப் பாதம் பிடித்துக்கொள்ள, தையல் முடிவில் மேல்துணி அரை அங்குலம் நீண்டு நிற்கும்.

நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய கறுப்பு இயந்திரத்திலும் ஹூடி தைக்க முடியும். தையலை 2 மில்லிமீட்டராகச் சிறிதாக்கி, நீள வேண்டிய தையல்களில் மட்டும் துணியை முன்னும் பின்னும் மிக இலேசாக ஒரே சீராக இழுத்துக்கொண்டு, கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை போட வேண்டும். ரிப் சேர்க்கும் தையல்களை மட்டும் அருகிலுள்ள ஓவர்லாக் (விளிம்பை வெட்டிச் சுற்றித் தைக்கும் இயந்திரம்) கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்வது உறுதியான வழி. எந்த இயந்திரமாக இருந்தாலும், வெட்டி மீந்த துண்டில் ஆறு அங்குலம் தைத்து, அதை நன்றாக இழுத்துப் பார்க்காமல் உடையில் கை வைக்கக் கூடாது. நூல் அறுந்தால் மேல்நூலின் இறுக்கத்தைக் குறைத்து மீண்டும் பார்க்க வேண்டும்.

அளவும் வரைவும்

கீழே வரும் அளவுகள் 38 அங்குல மார்பளவுக்கு உரியவை; தையலுக்கு விடும் துணி இவற்றில் சேரவில்லை. பிரவுன் ஷீட்டில் வரைந்து, எல்லா விளிம்பிலும் அரை அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும்; மடிப்பில் வைக்கும் நடுக்கோட்டுக்கு மட்டும் கூட்டக் கூடாது. நன்றாகப் பொருந்தும் ஹூடி ஒன்று வீட்டில் இருந்தால், அதைத் தரையில் விரித்து இந்த அளவுகளுடன் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

மார்பளவோடு 8 அங்குலத் தளர்வு சேர்த்தால் மொத்தச் சுற்று 46 அங்குலம். ஆகவே மடிப்பில் வைத்து வெட்டும் முன்பாகமும் பின்பாகமும் தலா 11½ அங்குல அகலம். கழுத்தோரத் தோளிலிருந்து கீழ்வரை நீளம் 24½. இதன்கீழ் 2½ அங்குலப் பட்டை வந்து 27 ஆகும். கழுத்தின் பாதி அகலம் 4, பின்கழுத்து இறக்கம் ¾, முன்கழுத்து இறக்கம் 4¼. தோள்முனை நடுக்கோட்டிலிருந்து 9¼ அங்குலத்தில், 1½ அங்குலம் சரிந்து வரும். ஆம்ஹோல் (கை சேரும் குடைவு) ஆழத்தைக் கழுத்தோர மட்டத்திலிருந்து 10½ என்று வைத்து, தோள்முனையிலிருந்து மென்மையான வளைவில் பக்கக்கோட்டுக்கு இறக்க வேண்டும். முன்பாகத்தை ஓரிழை கூடுதலாகக் குடைந்தால் கை முன்னே நீட்டும்போது பிடிக்காது.

கை, மடிப்பில் பாதியாக 8½ அங்குல அகலம். கைமுடியின் (ஆம்ஹோலோடு சேரும் கையின் மேல்வளைவு) உயரம் 4½. பட்டை நீங்கலாக மொத்த நீளம் 22. மணிக்கட்டில் பாதி அகலம் 4¾. வரைந்தவுடன் அளவு டேப்பை நிறுத்திப் பிடித்து ஆம்ஹோல் வளைவையும் கைமுடி வளைவையும் அளக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய 9¾ அங்குலம் வந்து சமமாக இருக்க வேண்டும். ரவிக்கைக் கையில் விடும் சுருக்க அளவு இங்கே வேண்டாம். இரண்டும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் கைமுடி உயரத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும்.

கழுத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹூடியைத் தலைவழியே அணிய முடியாமல் போவது இங்கேதான். மேலே சொன்ன கழுத்தின் முழுச் சுற்று 21 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். அணிபவரின் தலைச்சுற்றை நெற்றிவழியே அளந்து, கழுத்துச் சுற்று அதைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் முன்கழுத்தை இறக்குவதே நல்லது. அகலத்தைக் கூட்டினால் தொப்பியின் கனத்துக்குத் தோள் பின்னே சரியும்.

தொப்பிக்கு 14 அங்குல உயரமும் 11 அங்குல அகலமும் உள்ள செவ்வகம் வரைந்து, பின்பக்க மேல்மூலையை 5 அங்குல வளைவாக உருட்டினால் போதும். ஃபிளீஸில் இரண்டு, பனியன் துணியில் இரண்டு. பாதிக் கழுத்து 10½ அங்குலத்துக்குச் சற்று மேல் வருவதால், மீதமுள்ள துணி முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூட உதவும். நடுவில் பட்டை வைத்த மூன்று துண்டுத் தொப்பி தலையில் இன்னும் உருண்டையாக அமரும். அதை இரண்டாவது ஹூடிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பை ஒரே துண்டு: கீழே 13, மேலே 8, உயரம் 9 அங்குலம். பக்கங்கள் 2½ அங்குலம் நேராக ஏறி, அங்கிருந்து மேல்விளிம்புக்குச் சாய்வாகச் செல்லும். அந்தச் சாய்வே கை நுழையும் வாய். ரிப்பில் தையல் துணி சேர்த்தே இடுப்புக்கு 39 × 6, மணிக்கட்டுக்கு 8½ × 6 அளவில் இரண்டு. இடுப்புப் பட்டை உடலின் அடிச்சுற்றில் ஏறக்குறைய 83 சதவீதம், மணிக்கட்டுப் பட்டை கையின் சுற்றில் 79 சதவீதம் வருகிறது. உங்கள் ரிப் மிக மென்மையாக நீண்டால் இன்னும் ஓர் அங்குலம் குறைக்கலாம்.

வெட்டும்போது

முகப்புப் பக்கத்தை உற்றுப் பார்த்தால் மேலிருந்து கீழாக ஓடும் நுண்ணிய பின்னல் வரிகள் தெரியும். எல்லாத் துண்டுகளின் நடுக்கோடும் அந்த வரிக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால், துவைத்த பின் பக்கத்தையல் முறுக்கிக்கொண்டு முன்னே வரும். மேசையின் ஓரத்தில் துணி தொங்கினால் அதன் கனமே நீட்டிவிடும் என்பதால் தரையில் விரித்து வெட்டுவது நல்லது. ரிப்பில் வரிகள் பட்டையின் உயரத்தில் ஓட, நீட்சி சுற்றளவில் வர வேண்டும். கழுத்தின் நடு, கைமுடியின் உச்சி ஆகிய இடங்களில் தையல் துணிக்குள் ஒரு சிறு வெட்டுக்குறி வைத்துக்கொண்டால் பின்னால் தேட வேண்டியிருக்காது.

தைக்கும் வரிசை

முதலில் பை, ஏனென்றால் முன்பாகம் தட்டையாக இருக்கும்போது மட்டுமே அதை நேராக வைக்க முடியும். சாய்வான வாய்கள் நீளாமல் நிற்க வேண்டிய இடங்கள். அவற்றின் உள்பக்கம் பருத்தி டேப்பை வைத்து, துணியை மடித்து, டேப்போடு சேர்த்துத் தைக்க வேண்டும். மேல்விளிம்பையும் குட்டைப் பக்கங்களையும் உள்ளே மடித்து, முன்பாகத்தின் நடுவில், கீழ்விளிம்புகள் ஒன்றாகச் சேருமாறு வைத்துத் தைக்கலாம். வாயின் இரு முனைகளிலும் நான்கைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கத்தையல் போட வேண்டும். கையைத் திணிக்கும்போது முதலில் கிழிவது அங்குதான்.

அடுத்து தோள். உடையின் முழுக் கனமும் தொங்குவது இங்கே என்பதால் இதுவும் நீளக் கூடாது. பேப்பர் வரைவில் உள்ள தோள் நீளத்துக்கே டேப்பை வெட்டி, அந்த அளவுக்குள் துணியை அடக்கி, இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டும். துணியின் அளவுக்கு டேப்பை வெட்டுவது தவறு. வெட்டும்போதே துணி நீண்டிருக்கும்.

பக்கத்தையலுக்கு முன்பே, உடல் திறந்து கிடக்கும்போது கையைச் சேர்த்துவிட வேண்டும். கைமுடியின் உச்சியைத் தோள்தையலோடு பொருத்தி, இரு முனைகளையும் பிடித்து, இடையே குண்டூசிக்குப் பதில் கிளிப் போட்டுக்கொண்டால் தடித்த துணி வளையாமல் நிற்கும். பிறகு மணிக்கட்டில் தொடங்கி, அக்குளைக் கடந்து, இடுப்புவரை ஒரே ஓட்டமாகத் தைக்கலாம். அக்குளில் முன்னும் பின்னும் உள்ள தையல் துணிகளை எதிரெதிர்ப் பக்கம் சாய்த்தால் கனம் ஒரே இடத்தில் குவியாது.

தொப்பியில் முதல் வேலை ஐலெட். ஃபிளீஸ் துண்டுகளின் முகவிளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, கீழ்விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் மேலே, உள்பக்கம் ஒட்டுக் கேன்வாஸ் துண்டு வைத்து இஸ்திரி போட்ட பிறகே துளையிட வேண்டும். கேன்வாஸ் இல்லாமல் போட்ட ஐலெட் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. பின் ஃபிளீஸ் துண்டுகளை வளைவில் சேர்த்து, பனியன் துண்டுகளையும் அப்படியே சேர்த்து, இரண்டு தொப்பிகளையும் முகவிளிம்பில் நல்ல பக்கங்கள் சேர வைத்துத் தைத்துத் திருப்ப வேண்டும். விளிம்பிலிருந்து 1½ அங்குலம் உள்ளே ஒரு மேல்தையல் ஓட்டினால், ஐலெட் நடுவில் அமைய, நாடா ஓடும் வழி உருவாகிவிடும்.

தொப்பியைக் கழுத்தில் சேர்ப்பதுதான் முழு வேலையிலும் நிதானம் கேட்கும் கட்டம். தொப்பியின் பின்தையலைப் பின்கழுத்து நடுவிலும், முகவிளிம்புகளை முன்கழுத்து நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறும் வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முறை தலையில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்து, தொப்பி ஒரு பக்கம் சாயவில்லை என்று உறுதி செய்த பிறகே இயந்திரத்துக்குப் போவது நல்லது. முன் நடுவில் ஐந்து அடுக்கு கூடுகிறது. அங்கே மிதியை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசியை ஒவ்வொரு குத்தாக இறக்க வேண்டும். பாதம் மேடேற மறுத்தால், அதன் பின்புறம் அதே உயரத்துக்கு ஒரு மடித்த துணித்துண்டைக் கொடுத்தால் சமமாகி நகரும். தைத்தபின், ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை பின்கழுத்துத் தையலை டேப்பால் மூடி இரு ஓரமும் தைத்துவிட்டால், கழுத்தில் உறுத்தாது, பின்கழுத்தும் நீளாது. முன்கழுத்தில் டேப் வைக்கக் கூடாது. தலை நுழையும்போது நீள வேண்டியது அதுவே.

இனி ரிப். பட்டையின் முனைகளைச் சேர்த்து வளையமாக்கி, நீளவாக்கில் மடித்து, வளையத்தையும் உடலின் அடிச்சுற்றையும் நான்கு சம பாகமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு குறிகளையும் பொருத்தியபின், ரிப் மேலே இருக்குமாறு வைத்து, ஒரு குறியிலிருந்து அடுத்த குறிவரை ரிப்பை மட்டும் உடல்துணியின் அளவுக்கு இழுத்துத் தைக்க வேண்டும். ஃபிளீஸை இழுக்கவே கூடாது. இரண்டையும் சேர்த்து இழுப்பதுதான் பட்டை அலைபோல் நெளியக் காரணம். பையின் கீழ்விளிம்பும் இதே தையலில் சிக்கி முடிந்துவிடும். மணிக்கட்டுப் பட்டைக்கும் இதே முறைதான். கையின் வாய் சிறியது என்பதால், கையை உள்வெளியாகத் திருப்பாமல் பட்டையை அதன்மேல் மாட்டி, வளையத்தின் உள்ளேயே சுற்றித் தைப்பது எளிது. தையல் துணியை மேல்நோக்கிச் சாய்த்து, ஃபிளீஸின் மேல் ஒரு ஜிக்ஜாக் மேல்தையல் போட்டால் கடையில் வாங்கியதுபோல் படிந்து நிற்கும்.

முடித்தவுடன் எல்லாத் தையல்களையும் ஆவி இஸ்திரியால் மேலிருந்து அழுத்தி எடுக்க வேண்டும்; தேய்த்தால் நீளும். தைக்கும்போது சற்று நெளிந்த இடங்கள் ஆவியில் பெரும்பாலும் திரும்பிவிடும். போலார் ஃபிளீஸில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, சூட்டில் உருகிவிடும். இயந்திரத்தின் பாபின் பெட்டியையும் அன்றே திறந்து பார்க்க வேண்டும். ஒரு ஹூடி தைத்தாலே பற்களுக்கிடையில் பஞ்சு கெட்டித்துப் போயிருக்கும். தூரிகையால் எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்தால் அடுத்த ரவிக்கையில் தையல் சிக்காது.

கடைசியாக நாடா. பின்னூசியில் கட்டி ஓர் ஐலெட்டில் நுழைத்து மற்றதில் எடுத்து, முனைகளில் முடிச்சிட்டு, தொப்பியின் உச்சியில் நாடாவையும் துணியையும் சேர்த்து ஒரு குறுக்குத்தையல் போட்டுவிட்டால், துவைக்கும்போது உருவிக்கொண்டு வராது. சிறு குழந்தைகளுக்குத் தைப்பதானால் நாடாவும் ஐலெட்டும் வேண்டவே வேண்டாம். விளையாட்டுச் சறுக்கில் நாடா மாட்டிக் கழுத்தை இறுக்கிய விபத்துகளுக்குப் பிறகு, அமெரிக்கா 1996இல் குழந்தைகள் உடையின் தொப்பி நாடாவுக்கு எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டு, 2011இல் அதைச் சட்ட விதியாகவே ஆக்கியது. குழந்தையின் ஹூடியில் முகவிளிம்பின் மேல்தையலை மட்டும் அப்படியே விட்டு, தொப்பியை ஓர் அங்குலம் சிறிதாக வெட்டினால், நாடா இல்லாமலே காதை மூடி நிற்கும்.